டெல் கொடுத்த பிறகும் ஆப்ஜெக்டுகள் ஏன் போகவில்லை?

மார்த்தாண்டம் மாணவர் கேட்டது: 8 ஜூன் 2024, மாலை 6.20

வணக்கம் அண்ணா. கல்லூரிப் புராஜெக்டுக்காகப் பைத்தானில் ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறேன். எந்த நேரத்தில் எத்தனை ஆப்ஜெக்டுகள் உயிரோடு இருக்கின்றன என்று அறிவதற்காகக் கிளாஸுக்குள்ளேயே ஒரு லிஸ்ட் வைத்து, ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடில் செல்ஃபை, அதாவது அந்த ஆப்ஜெக்டையே, அதில் சேர்க்கிறேன். ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டெல் மெத்தடுக்குள் "நான் போகிறேன்" என்று அச்சிடவும் எழுதியிருக்கிறேன். ஐந்து ஆப்ஜெக்டுகளை உருவாக்கி, ஐந்தையும் டெல் கொடுத்து நீக்கிய பிறகும் எண்ணிக்கை ஐந்தாகவே நிற்கிறது. ஒரு வரிகூட அச்சாகவில்லை. பைத்தானின் நினைவக மேலாண்மையை நம்ப முடியாது என்பதே என் முடிவு. தவறென்றால் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு 10.15

முடிவு தவறு, தம்பி. டெல் என்பது ஆப்ஜெக்டை அழிக்கும் கட்டளை அன்று. பெயரை அவிழ்த்துவிடும் கட்டளை. படகுத்துறையில் ஒரு படகை மூன்று கயிறுகளால் கட்டியிருந்தால், ஒன்றை அவிழ்த்ததும் படகு போய்விடாது. ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு லிஸ்டில் உள்ள இடமும், வேறோர் ஆப்ஜெக்டின் உறுப்பாக இருப்பதும் ஒவ்வொரு கயிறு. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிபைத்தான், ஒவ்வோர் ஆப்ஜெக்டுடனும் அதைக் கட்டியிருக்கும் கயிறுகளின் எண்ணிக்கையை வைத்திருக்கிறது. அது பூஜ்யமாகும் கணத்திலேயே டெல் மெத்தட் ஓடும், நினைவகமும் விடுபடும்.

நீங்கள் எண்ணுவதற்காக வைத்த லிஸ்டே ஒரு கயிறு. நீங்கள் அவிழ்த்தது பெயரை மட்டும். அந்த லிஸ்டைக் காலி செய்து பாருங்கள். ஐந்து வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகும்.

முட்டம் கலங்கரை விளக்கத்திலிருந்து கடலில் நிற்கும் படகுகளை எண்ணலாம். எண்ணுகிறவர் எந்தப் படகையும் கட்டி இழுத்துக்கொண்டிருப்பதில்லை. உங்கள் லிஸ்ட் எண்ணுவதற்காகக் கட்டிப்போட்டுவிட்டது. எண்ணும் ஏடு, தான் எண்ணுகிற பொருளுக்கு உரிமையாளர் ஆகக் கூடாது.

9 ஜூன், காலை 7.30

நேற்று அவ்வளவு உறுதியாக எழுதியதற்குக் காரணம் உண்டு. இதே பிழையை நானே செய்தேன். கல்லூரிப் புராஜெக்டில் அல்ல, கடற்கரையில்.

2022ஆம் ஆண்டு, குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட ஒரு மீன் இறங்குதளத்தில், ஏலக் கமிஷன் கடை ஒன்றுக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். தராசில் பெட்டி ஏறியதும் எடை கம்ப்யூட்டருக்கு வரும். மேலே பொருத்திய கேமரா மீனைப் படம் எடுக்கும். படகு, எடை, மீன் வகை, ஏலத்தில் போன விலை எல்லாம் சேர்ந்து 'ஏலம்' என்னும் கிளாஸின் ஓர் ஆப்ஜெக்டாகும். முதலாளி ஒரு நாள், "இப்ப எத்தன ஏலம் முடியாம நிக்குன்னு திரையில காட்ட முடியுமா?" என்று கேட்டார். உங்களைப் போலவே கிளாஸுக்குள் ஒரு லிஸ்ட் வைத்துவிட்டேன். முடிந்த ஏலங்களை வடிகட்டிவிட்டு மீதியை எண்ணிக் காட்டினேன். திரையில் வந்த எண் எப்போதும் சரியாக இருந்தது. பிழை மறைந்து கிடந்ததற்கு முதற்காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், நான் அதைச் சோதித்த மாதம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் வள்ளங்களின் மீன் மட்டும் வரும். கடல் சீற்றமாக இருந்தால் அதுவும் வராது. ஜூலையில் நாளொன்றுக்கு ஐம்பது போலி ஏலங்களை ஓட்டிப் பார்த்தேன்; ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். நிறுத்தும்போதெல்லாம் நினைவகம் முழுவதும் இயங்குதளத்துக்குத் திரும்பிவிடுகிறது. கசிவு இருந்தாலும் கண்ணில் படாது.

ஆகஸ்ட் 1 முதல் நிரல் நிறுத்தாமல் ஓடியது. படகுகள் திரும்பத் தொடங்கியதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 ஏலங்கள். ஒரு படம் ஏறத்தாழ 4 லட்சம் பைட். அப்படியானால் நாளொன்றுக்கு 240 மெகாபைட், எவராலும் அவிழ்க்கப்படாமல் அந்த லிஸ்டில் குவிந்தது. கம்ப்யூட்டரில் இருந்தது 4 ஜிபி. ஆகஸ்ட் 18 அதிகாலை ஐந்தரை மணிக்குத் திரை 18.4 கிலோவில் அப்படியே நின்றது. தராசின் மேல் இருந்த வாளைப் பெட்டியை எடுத்து அடுத்ததை வைத்தார்கள், திரை 18.4 என்றே காட்டியது. மூன்றாவது பெட்டிக்கும் அதே எடை. தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் தலைச்சுமையாக மீன் கொண்டுபோகிற பெண்கள் முதல் பேருந்துக்காகக் காத்து நின்றார்கள். ஏலம் விடுகிற முதியவர், "மக்களே, அந்தப் பெட்டிய அங்க ஓரமா மாத்தி வை, மீனு காத்துக் கிடக்காது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நோட்டில் எழுதி ஏலத்தை முடித்தார். அவர் 'பெட்டி' என்று சொன்னது என் கம்ப்யூட்டரை.

அன்று நான் செய்தது தீர்வு அன்று. இரவு 12 மணிக்கு நிரல் தானாக நின்று மறுபடி தொடங்கும்படி அமைத்தேன். ஓராண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. இரவில் கரை வந்த ஒரு வள்ளத்தின் முடியாத ஏலம், அந்த மறுதொடக்கத்தில் தொலைந்த பிறகுதான் உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன். அந்த வள்ளக்காரருக்குக் கடைக்காரர் தம் கையிலிருந்து பணம் கொடுத்தார். அந்தத் தொகையை நான் திருப்பிக் கொடுத்துவிட்டாலும், அந்த இரவு எனக்கு மறக்கவில்லை.

10 ஜூன், இரவு 9.05

தீர்வுக்கு வருகிறேன். பைத்தானில் வீக் ரெஃபரன்ஸ் என்னும் வசதி 2001இல் வெளியான 2.1 பதிப்பிலிருந்தே உள்ளது. வீக் ரெஃபரன்ஸ், ஆப்ஜெக்டை அறிந்திருக்கும். அதன் கயிற்று எண்ணிக்கையைக் கூட்டாது. ஆப்ஜெக்ட் போய்விட்டால், அந்த ரெஃபரன்ஸை அழைக்கும்போது 'நன்' (எதுவுமில்லை என்னும் மதிப்பு) கிடைக்கும். அதே மாட்யூலில் வீக்செட் என்று ஒன்று உள்ளது: ஆப்ஜெக்ட் இருக்கும்வரை அது செட்டில் இருக்கும், போனதும் தானாக விலகிவிடும். உங்கள் கிளாஸில் லிஸ்டை எடுத்துவிட்டு வீக்செட் வையுங்கள்; அப்பெண்ட் என்பதை ஆட் என்று மாற்றுங்கள். வேறெதையும் தொட வேண்டாம்.

சரிபார்ப்பதற்கு சிஸ் மாட்யூலின் கெட்ரெஃப்கவுண்ட் உண்டு. அது பொதுவாக நீங்கள் எதிர்பார்ப்பதைவிட ஒன்று கூட்டியே சொல்லும். கேள்வி கேட்பதற்காக ஆப்ஜெக்டை அதனிடம் நீட்டும்போது அதுவும் ஒரு கயிறு ஆகிவிடுகிறது.

10 ஜூன், இரவு 11.40

நீங்கள் எழுதியதைப் பார்த்தேன்: வீக்செட்டுக்கு மாற்றி, ஐந்தையும் ஒரு லிஸ்டில் போட்டு, ஃபார் சுற்றில் ஒவ்வொன்றாகக் காட்டி, லிஸ்டைக் காலி செய்த பிறகு நான்கு போய் ஒன்று நிற்கிறது. போகாமல் நிற்பது ஐந்தாவது. பைத்தானில் ஃபார் சுற்று முடிந்தாலும் சுற்றின் மாறி அழிவதில்லை. கடைசியாகத் தொட்ட ஆப்ஜெக்டை அது பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த மாறியை டெல் கொடுங்கள்.

ஊடாடு திரையில் சோதிப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஆப்ஜெக்டின் பெயரைத் தட்டி என்டர் கொடுத்தால், அந்த விடையை ஒற்றை அடிக்கோடு என்னும் பெயரில் திரை வைத்துக்கொள்ளும். ஒரு முழு மாலைப் பொழுதை நான் அதில் இழந்தேன். இத்தகைய சோதனைகளைக் கோப்பில் எழுதி ஓட்டுவதே நல்லது.

12 ஜூன், மாலை 5.50

"வேறெதையும் தொட வேண்டாம்" என்று 10ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் கிளாஸ் சாதாரண கிளாஸ் என்பதால் அந்த அறிவுரை உங்களுக்குப் பலித்தது. என்னுடையது டேட்டாகிளாஸ். அதில் பலிக்கவில்லை, ஓரிடத்தில் ஆபத்தாகவும் ஆகியிருக்கும்.

டேட்டாகிளாஸ், இரண்டு ஆப்ஜெக்டுகளின் மதிப்புகளை ஒப்பிட்டுச் சமமா என்று சொல்லும் மெத்தடைத் தானே எழுதித் தருகிறது. கூடவே, செட்டில் தேடுவதற்கான எண்ணைத் தரும் ஹேஷ் வசதியை எடுத்துவிடுகிறது. ஹேஷ் இல்லாததை எந்த செட்டிலும் போட முடியாது. நிரல் முதல் ஏலத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். இது தொல்லைதான், ஆனால் உடனே தெரிகிற தொல்லை.

தெரியாத தொல்லை, அந்தப் பிழையை அடக்குவதற்காக மதிப்புகளைக் கொண்டே ஹேஷ் எழுதிக்கொடுக்கும்போது வருகிறது. ஒரே படகிலிருந்து அடுத்தடுத்து இரண்டு பெட்டிச் சாளை இறங்குகிறது; இரண்டும் 20 கிலோ, இரண்டும் ஒரே விலைக்குப் போகின்றன. மதிப்பின்படி இரண்டும் சமம். செட் சமமானவற்றில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளும். கரையில் இரண்டு பெட்டிகள் இருக்க, எண்ணிக்கையில் ஒன்றுதான் இருக்கும். மீன்காரருக்கு இது நினைவகப் பிரச்சினை அன்று. ஒரு பெட்டியின் விலை.

எனவே, ஆப்ஜெக்டுகளை எண்ணுகிறவர் எதைச் 'சமம்' என்கிறார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நம் வேலைக்கு ஒவ்வொரு பெட்டியும் தனி. டேட்டாகிளாஸுக்கு 'ஈக்யூ பொய்' (ஒப்பீட்டு மெத்தடை எழுதாதே) என்று கொடுத்துவிட்டால், ஒப்பீடும் ஹேஷும் ஆப்ஜெக்டின் தனி அடையாளத்தைச் சார்ந்தே அமையும்; வீக்செட்டும் சரியாக எண்ணும். நான் அதைத்தான் செய்தேன்.

நினைவகத்தை மிச்சப்படுத்த, உறுப்புகளின் பெயர்களை முன்கூட்டியே பட்டியலிடும் ஸ்லாட்ஸ் வசதியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல்: ஸ்லாட்ஸ் வைத்த கிளாஸின் ஆப்ஜெக்டுக்கு வீக் ரெஃபரன்ஸ் எடுக்க முடியாது, அதற்கென ஓர் இடத்தை ஸ்லாட்ஸ் பட்டியலிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

13 ஜூன், காலை 6.45

"ஆப்ஜெக்டை வைக்காமல் அதன் ஐடி எண்ணை மட்டும் ஒரு செட்டில் வைத்தால் கயிறும் இல்லை, தொல்லையும் இல்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. சிபைத்தானில் ஐடி என்பது ஆப்ஜெக்ட் இருக்கும் நினைவக முகவரி. ஆப்ஜெக்ட் போனதும் அதே இடத்தில் புதியது வந்து அமரலாம். அதற்கும் அதே எண்தான் வரும். போனவருக்கும் வந்தவருக்கும் வேறுபாடு தெரியாத ஏடு அது.

16 ஜூன், இரவு 8.30

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலங்கள் இருப்பது இந்த இழைக்கு உதவியிருக்கிறது. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நேற்று அங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போய் இரவிலேயே திரும்பின. அங்குள்ள ஒரு கடையில் என் புதிய நிரலைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்க ஒரு நண்பர் இசைந்தார். ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் உண்மையான வரவில் ஒரு சோதனை கிடைத்துவிட்டது.

விளைவு நான் எதிர்பார்த்தது அன்று. எல்லா ஏலங்களும் முடிந்த பிறகு வீக்செட்டின் எண்ணிக்கை பூஜ்யமாக வேண்டும். 212 என்று நின்றது. சற்று நேரத்தில் எவரும் எதையும் தொடாமலே 40 ஆகக் குறைந்தது. அதன்பின் அசையவில்லை. தானாகக் குறைந்தது ஏன், அதற்குமேல் குறையாமல் நின்றது ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

17 ஜூன், இரவு 10.10

கிடைத்துவிட்டது. படகின் ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் ஆப்ஜெக்ட் வைத்திருக்கிறேன். பயணம் தன் ஏலங்களின் லிஸ்டை வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஏலமும் தன் பயணத்தை உறுப்பாக வைத்திருக்கிறது. பயணம் முடிந்ததும் கடை அதைக் கைவிட்டுவிடுகிறது. ஆனால் பயணம் ஏலத்தையும் ஏலம் பயணத்தையும் கட்டிக்கொண்டு நிற்கின்றன. கரையோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு படகுகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு மிதப்பதுபோல. கயிற்றை எண்ணும் முறையில் இவற்றின் எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யம் ஆகாது.

இது பைத்தானுக்கு மட்டும் வந்த குறை அன்று. கயிற்றை எண்ணும் முறையை ஜார்ஜ் காலின்ஸ் வெளியிட்டது 1960இல்; வேரிலிருந்து எட்டக்கூடியவற்றைக் குறித்துக்கொண்டு எஞ்சியதை அகற்றும் முறையை லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டில் எது என்னும் வழக்கு அன்றிலிருந்து நடக்கிறது. சிபைத்தான் முதலாவதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இத்தகைய வளையங்களை மட்டும் தேடி அகற்றும் கார்பேஜ் கலெக்டர் ஒன்றை 2000இல் வந்த 2.0 பதிப்பில் சேர்த்தது.

அந்தக் கலெக்டர் எப்போது வரும் என்பதில்தான் 212உம் 40உம் அடங்கியிருக்கின்றன. கடைக் கம்ப்யூட்டரில் உள்ள 3.10 பதிப்பில் அது ஆப்ஜெக்டுகளை வயதுப்படி மூன்று தலைமுறைகளாகப் பிரிக்கிறது. அதன் இயல்பான வரம்புகள் 700, 10, 10. புதிதாக உருவான கொள்கல ஆப்ஜெக்டுகள் (பிறவற்றைச் சுட்டக்கூடியவை), விடுபட்டவற்றைவிட 700க்கு மேல் கூடினால் இளைய தலைமுறையைத் தேடும். அது பத்து முறைக்கு மேல் நடந்தால் நடுத் தலைமுறை. அதுவும் பத்து முறைக்கு மேல் நடந்தால் மூத்த தலைமுறை. மூத்த தலைமுறைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: காத்திருப்பவை, ஏற்கெனவே நிலைத்தவற்றில் கால் பங்கைத் தாண்ட வேண்டும். எங்கள் 40 ஏலங்கள் மூத்த தலைமுறைக்குப் போய், அங்கே யாரும் வராமல் கிடந்தன. ஜிசி கலெக்ட் என்று நாமாக அழைத்ததும் பூஜ்யம் ஆயிற்று.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. கலெக்டர் எண்ணிக்கையைப் பார்க்கிறது, பாரத்தைப் பார்ப்பதில்லை. 4 லட்சம் பைட் படம் அதன் கணக்கில் வரவே வராது, ஏனெனில் பைட் தொகுப்பு வேறெதையும் சுட்டாத ஒன்று. வளையத்தில் சேர முடியாதது. 40 ஏலங்கள் என்றால் 16 மெகாபைட். கலெக்டரின் பார்வையில் அவை அற்பம்.

ஆகவே வளையத்தையே உருவாக்காமல் இருப்பதென்று மாற்றிவிட்டேன். பயணம் ஏலங்களை வலுவாகப் பிடிக்கட்டும். ஏலம் தன் பயணத்தை வீக் ரெஃபரன்ஸாக மட்டும் அறிந்திருக்கட்டும். பெரியது சிறியதைப் பிடிக்கலாம், சிறியது பெரியதைப் பிடிக்க வேண்டாம். இன்று சின்னமுட்டத்தில் கடைசி ஏலம் முடிந்த உடனேயே பூஜ்யம். ஜிசியை அழைக்க வேண்டியிருக்கவில்லை.

18 ஜூன், காலை 7.00

மாணவருக்கு ஒரு குறிப்பு. வளையத்தில் சிக்கிய ஆப்ஜெக்டுக்கு டெல் மெத்தட் இருந்தால் கலெக்டர் அதைத் தொடாது என்று பழைய பாடக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2014இல் வந்த 3.4 பதிப்புக்கு முன்பு வரை அது உண்மை. இப்போது அப்படி இல்லை. ஆனாலும் முக்கியமான வேலையை, கோப்பை மூடுவது, பணக் கணக்கை எழுதுவது போன்றவற்றை, டெல் மெத்தடில் வைக்காதீர்கள். அது எப்போது ஓடும் என்று உறுதி சொல்ல இயலாது. பைத்தானை இயக்கும் இன்னொரு நிரலான பைபையில் கயிற்றை எண்ணுவதே இல்லை. உங்கள் "நான் போகிறேன்" அங்கே வெகுநேரம் கழித்தே வரக்கூடும். முடிந்ததும் தானே மூடிவிடும் வித் தொகுதிக்குள் எழுதுங்கள், அல்லது 'மூடு' என்று ஒரு மெத்தட் வைத்து நீங்களே அழையுங்கள்.

ஜாவாவிலும் இதே பாடத்தைத்தான் கற்றார்கள். ஃபைனலைஸ் மெத்தடைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2017இல் வந்த 9ஆம் பதிப்பிலேயே அறிவித்துவிட்டார்கள்.

23 ஜூன், பிற்பகல் 3.20

சி++ படிக்கும் ஒருவர், ஸ்டாட்டிக் எண் ஒன்றை வைத்து கன்ஸ்ட்ரக்டரில் கூட்டி டெஸ்ட்ரக்டரில் கழித்தால் எண்ணிக்கை மைனஸ் மூன்று வருகிறது என்கிறார். நகல் கன்ஸ்ட்ரக்டரில் நீங்கள் கூட்டவில்லை. ஃபங்ஷனுக்கு ஆப்ஜெக்டை மதிப்பாக அனுப்பும்போது நகல் பிறக்கிறது; அது பிறந்தது பதிவாகவில்லை, இறந்தது மட்டும் பதிவாகிறது. நகர்த்தும் கன்ஸ்ட்ரக்டரை எழுதியிருந்தால் அதிலும் கூட்ட வேண்டும். நீங்கள் பைத்தானில் பார்க்கும் வளையச் சிக்கல், சி++இல் கயிற்றை எண்ணும் ஷேர்டு பாயிண்டரிலும் அப்படியே வரும். அங்கே கலெக்டர் இல்லாததால் அது தீரவே தீராது. அதற்காகத்தான் வீக் பாயிண்டர் உள்ளது.

30 ஜூன், இரவு 9.45

மூன்று வாரம் எழுதிய பிறகு ஒரு மறுசிந்தனை. கிளாஸே தன் ஆப்ஜெக்டுகளைக் கண்காணிக்க வேண்டுமா என்ற அடிப்படைக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. மாணவர் அப்படி எழுதியிருந்தார், நானும் அப்படி எழுதியிருந்தேன் என்பதால் அதையே சீர்செய்துகொண்டிருந்தேன்.

போன வாரம் 'ஐஸ் ஏலம்' என்று ஒரு துணைக் கிளாஸ் சேர்த்தேன், பதனப்படுத்திய மீனுக்கானது. கிளாஸில் வைத்த வீக்செட் தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவானது. ஆகவே இரண்டு வகை ஏலங்களும் ஒரே எண்ணிக்கையில் கலந்தன. துணைக் கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் தனி செட் தரும்படி எழுதலாம். இனிட் சப்கிளாஸ் என்னும் வசதி அதற்காகவே இருக்கிறது. எழுதியும் பார்த்தேன், ஓடியது. பிறகு சின்னமுட்டத்துக் கடையையும் மேற்குக் கரைக் கடையையும் ஒரே நிரலில் வைத்துச் சோதித்தபோது, இரண்டு கடைகளின் ஏலங்களும் கலந்து நின்றன. கிளாஸ் உலகத்துக்கே ஒன்றுதான், கடைகளோ பல.

ஏலத்தை உருவாக்குவது கடை. எத்தனை ஏலம் நிற்கிறது என்று கேட்பவரும் கடைக்காரர்தான். அப்படியானால் நிற்கும் ஏலங்களின் ஏடு கடையிடம்தான் இருக்க வேண்டும். சாதாரண அகராதியாக, வலுவான பிடியோடு. ஏலம் முடிந்ததும் கடையே அதை ஏட்டிலிருந்து எடுக்க வேண்டும். முதலாளி 2022இல் கேட்டது "முடியாமல் நிற்பவை எத்தனை" என்பதைத்தான். "நினைவகத்தில் உயிரோடு இருப்பவை எத்தனை" என்று அவர் கேட்கவே இல்லை. இரண்டையும் ஒன்றென்று எண்ணியது என் பிழை. முதற்கேள்விக்கு விடை, தொழிலின் கணக்கு. கலெக்டர் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து அது மாறக் கூடாது. இரண்டாம் கேள்விக்கு விடை, நிரலாளரின் சோதனைக்கருவி. வீக்செட்டின் இடம் அதுதான்.

இப்போது இரண்டும் இருக்கின்றன. கடையின் ஏட்டில் உள்ள எண்ணும் வீக்செட்டில் உள்ள எண்ணும் நாளின் இறுதியில் ஒத்துப்போகாவிட்டால் பதிவேட்டில் ஒரு வரி விழும். வீக்செட்டை அதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

6 ஜூலை, மாலை 6.30

ஒரு எச்சரிக்கை: மெத்தடின் மேல் எல்ஆர்யூ கேஷ் (முன்பு கணக்கிட்ட விடைகளைச் சேமித்து வைக்கும் வசதி) வைக்காதீர்கள். செல்ஃபும் அந்த மெத்தடின் உள்ளீடு என்பதால், மெத்தடை அழைத்த எல்லா ஆப்ஜெக்டுகளையும் கேஷ் நிரந்தரமாகப் பிடித்து வைத்துவிடும்.

7 ஜூலை, காலை 8.10

நேற்றைய குறிப்பில் 'எல்லா', 'நிரந்தரமாக' என்ற இரண்டு சொற்களும் மிகை. வரம்பு எதுவும் கொடுக்காவிட்டால் அந்தக் கேஷ் 128 விடைகளை வைத்துக்கொண்டு, மிக நீண்ட நேரமாகப் பயன்படாததை வெளியேற்றும். ஆகவே அதிகம் போனால் 128 ஏலங்கள் நிற்கும். வரம்பே வேண்டாம் என்று 'நன்' கொடுத்திருந்தால் மட்டுமே நேற்று எழுதியது பொருந்தும். என் நிரலில் நான் கொடுத்திருந்தது அதுதான் என்பதால் அப்படி எழுதிவிட்டேன்.

20 ஜூலை, இரவு 10.50

சின்னமுட்டத்து நண்பர் அனுப்பிய கேள்வி இது: "எண்ணிக்கை பூஜ்யம் ஆகிறது. ஆனால் காலையில் 90 மெகாபைட்டில் தொடங்கிய நிரல், இரவில் 150இல் நிற்கிறது. அப்படியானால் கசிவு இன்னும் இருக்கிறதுதானே?"

இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தராசு ஒரு விநாடிக்குப் பத்து அளவீடுகளை அனுப்புகிறது. ஒவ்வொன்றும் ஒரு சிறிய ஆப்ஜெக்ட். 512 பைட்டுக்கு உட்பட்டவற்றைச் சிபைத்தான் தன் சொந்த ஒதுக்கீட்டாளரிடமிருந்து தருகிறது. அது இயங்குதளத்திடமிருந்து பெரிய துண்டுகளாக வாங்கி வைக்கும். 64 பிட் கம்ப்யூட்டரில் ஒரு துண்டு 1 மெபிபைட். அந்தத் துண்டில் ஒரேயொரு சிறிய ஆப்ஜெக்ட் மிஞ்சியிருந்தாலும் துண்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆயிரம் பேர் வந்து போன மண்டபத்தில் ஒருவர் மட்டும் அமர்ந்திருந்தால் மண்டபத்தைப் பூட்ட இயலாதல்லவா? காலியான இடம் வீணில்லை. அடுத்த நாளின் அளவீடுகள் அங்கேதான் அமரும்.

கசிவா இல்லையா என்று அறிய ஒருநாள் எண்ணைப் பார்த்துப் பயனில்லை. முதல் நாள் 150, இரண்டாம் நாள் 152, மூன்றாம் நாள் 151 என்று நின்றால் அது மண்டபம். 150, 210, 270 என்று ஏறினால் அது கசிவு. ஏறினால், டிரேஸ்மாலாக் மாட்யூலை வைத்துக் காலையில் ஒரு பதிவும் இரவில் ஒரு பதிவும் எடுத்து ஒப்பிடுங்கள். எந்த வரியில் ஒதுக்கப்பட்ட நினைவகம் கூடியிருக்கிறது என்று அது காட்டும்.

24 ஜூலை, காலை 6.15

151, 153, 151. மண்டபம்தான்.

4 ஆகஸ்ட், இரவு 11.20

மேற்குக் கரையில் தடை நீங்கி, வரவு தொடங்கிவிட்டது. இரவு 12 மணி மறுதொடக்கத்தை நீக்கிவிட்டேன். இன்று நாளின் இறுதியில் கடையின் ஏட்டில் பூஜ்யம், வீக்செட்டில் 23. அந்த ஒரு வரிக்காகவே வைத்த பதிவேட்டில் முதல் வரி விழுந்திருக்கிறது. ஜிசி கலெக்ட் அழைத்தும் 23 குறையவில்லை. ஆகவே இது வளையம் அன்று. யாரோ உண்மையாகவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

5 ஆகஸ்ட், அதிகாலை 1.30

23இல் ஒன்றை எடுத்து, ஜிசி மாட்யூலின் கெட் ரெஃபரர்ஸ் வழியாக யார் பிடித்திருக்கிறார் என்று கேட்டேன். விடையாக வந்தது ஒரு ஃபிரேம். அதாவது ஓடி முடிந்துபோன ஒரு ஃபங்ஷனின் உள்மாறிகள். முடிந்த ஃபங்ஷனின் ஃபிரேம் ஏன் இருக்கிறது? அதை யார் பிடித்திருக்கிறார் என்று மறுபடி கேட்டேன்: ஒரு டிரேஸ்பேக், அதாவது பிழை வந்த வழியின் பதிவு. அதை யார்? ஒரு எக்செப்ஷன், அதாவது அந்தப் பிழையைக் குறிக்கும் ஆப்ஜெக்ட். அதை யார்? 'பிழைகள்' என்று நானே வைத்திருந்த ஒரு லிஸ்ட்.

கேமராவின் கேபிள் உப்புக் காற்றில் அரித்து, அவ்வப்போது படம் எடுக்கத் தவறுகிறது. தவறும்போது வரும் எக்செப்ஷனைப் பிறகு பார்ப்பதற்காக அப்படியே லிஸ்டில் போட்டிருந்தேன். எக்செப்ஷன் தன் டிரேஸ்பேக்கையும், அது ஃபிரேமையும், அது அப்போது தராசில் இருந்த ஏலத்தையும் பிடித்து நின்றன. நேற்று கேபிள் தவறியது 23 முறை. எண்ணுவதற்காக வைத்த லிஸ்டை எடுத்துவிட்டு, பிழையைக் குறிப்பதற்காக இன்னொரு லிஸ்டில் அதே முடிச்சைப் போட்டிருக்கிறேன்.

இப்போது எக்செப்ஷனை வைக்காமல், டிரேஸ்பேக்கை எழுத்தாக மாற்றி அந்த எழுத்தை மட்டும் வைக்கிறேன். கேபிளையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

5 ஆகஸ்ட், இரவு 9.00

கேபிளை இன்னும் மாற்றவில்லை. 17 முறை தவறியது. வீக்செட்டில் பூஜ்யம்.

17 ஆகஸ்ட், காலை 7.40

பதின்மூன்று நாட்களாக நிறுத்தாமல் ஓடுகிறது. இன்று காலை 640 ஏலங்களுக்குப் பிறகு 148 மெகாபைட். ஏலம் விடுகிற அந்த முதியவர் இப்போதும் பக்கத்தில் நோட்டு வைத்திருக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்த்தாண்டம் தம்பி, உங்கள் புராஜெக்டின் கடைசி வடிவத்தைப் பார்த்தேன். வீக்செட் சரியாக இருக்கிறது. 42ஆம் வரியில், சோதனை ஃபங்ஷனுக்கு இயல்பு மதிப்பாக ஒரு காலி லிஸ்ட் கொடுத்திருக்கிறீர்கள். அந்த லிஸ்ட் ஃபங்ஷன் அறிவிக்கப்படும்போது ஒருமுறை மட்டுமே உருவாகும்; ஒவ்வோர் அழைப்பிலும் சேர்ப்பவை அதிலேயே தங்கிவிடும். அங்கே 'நன்' கொடுத்துவிட்டு, உள்ளே லிஸ்டை உருவாக்குங்கள்.